என் தகப்பனார் பெயருக்கு அடியில்

தலைமை தாங்கும் ராஜையன் அண்ணன் அவர்களே, வெயிலைப் பொருட்படுத்தாமல் முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, மழலையரை மடியில் ஏந்தி வந்திருக்கும் தாய்மார்களே, சாலைச் சந்தைக் கடைகளையும் கழக்கூட்டம் ஊரின் கணினி அலுவலகங்களையும் விட்டு ஓடிவந்த இளைஞர்களே, வரமாட்டோம் என்று சொல்லிவிட்டு மதிலுக்கு அப்பால் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் கட்டடக் கமிட்டியினரே, அனைவருக்கும் நெட்டவிளை விஜயத்தின் வணக்கம்.

வணக்கம் சொல்லிவிட்டேன். இனி என் கோபத்தைச் சொல்கிறேன்.

வரும் திங்கட்கிழமை நம் தேவாலயத்தை இடிக்கப் போகிறார்கள். பறங்கியர் கப்பல் இந்தக் கரையைக் காணுமுன் எழுந்த ஆலயம். ஐந்நூறு ஆண்டு மழையைத் தாங்கிய ஆலயம். நம் பாட்டனும் பூட்டனும் முழங்காலிட்டுத் தேய்த்த ஆலயம். எதற்காக இடிக்கிறார்கள்? கார் நிறுத்தவும் கண்ணாடி மாளிகை கட்டவும். விசாரித்த அரசு அதிகாரிக்குக் கமிட்டி எழுதிய பதில் தெரியுமா? 'பழமைக்குச் சான்று ஏதும் இல்லை.'

சான்று இல்லையா? சுவரைக் கேட்டீர்களா? கல்லைக் கேட்டீர்களா? பால்பாண்டியையாவது கேட்டீர்களா? இடிப்பு வேலைக்குக் கடையநல்லூரிலிருந்து வந்தவர், அதோ ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் நிற்கிறார். சென்ற வாரம் கிழக்குச் சுவரின் பூச்சைக் கொத்தியபோது எழுத்து தெரிந்தது. மலையாளம் மட்டும் படித்த நம் பிள்ளைகள் அதைக் கீறல் என்றார்கள். தமிழ் படித்த அவர், அந்தப் பழைய எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தார். கொல்லம் ஆண்டு அறுநூற்று எழுபது, அதாவது கி.பி. ஆயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றைந்து. கல்லு சுமந்தவர் பேர்: சாத்தன், தோமன், கோதை.

உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"வேலையப் பாருடே" என்றார் கான்ட்ராக்டர் பிஜு.

"கல்லு சுமந்தவன் பேரு இருக்கு முதலாளி. நானும் கல்லு சுமக்கிறவன்தான். இத உடைக்க வேற ஆளப் பாத்துக்கிடுங்க."

என்ன அபின், கை தூக்குகிறாய்? "டீச்சரே, மழ பெஞ்சா ஒழுகுதே, எங்க நிண்ணு செபிக்க?" ஒழுகினால் ஓடு மாற்று மோனே. உன் வீடு ஒழுகியபோது வீட்டையா இடித்தாய்? சிரிக்காதீர்கள், எனக்கு வயிறு எரிகிறது.

கோதைக்கு அடுத்த பெயரை ஏன் வாசிக்க முடியவில்லை? கல்வெட்டின் மிச்சத்தின்மேல் ஒரு பளிங்குப் பலகையைச் சிமென்ட் வைத்துப் பதித்திருக்கிறார்கள். முப்பது ஆண்டுக்கு முன் மணிக்கூண்டு கட்டிக் கொடுத்தவரின் பெயர்ப்பலகை. கொடுத்தவர் பெயர் பளிங்கில் பளபளக்கிறது. சுமந்தவர் பெயர் சிமென்டுக்குள் கிடக்கிறது. அந்தப் பலகையில் இருப்பது யார் பெயர்? ஏன் எல்லாரும் தலை குனிகிறீர்கள்? நானே சொல்கிறேன். என் தகப்பனார் பெயர். அதைப் பதித்த நாளில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கைதட்டியவள் நான். எனக்குள்ள கோபத்தில் பாதி என்மேல்தான்.

பால்பாண்டி, உளியை எடுங்கள் தம்பி. "ஐயா பேரு உடைஞ்சு போகுமேம்மா" என்று தயங்குகிறார். உடையட்டும். என் தகப்பனாரை நினைக்க நான் இருக்கிறேன். சாத்தனையும் தோமனையும் கோதையையும் நினைக்க அந்தக் கல்லை விட்டால் யார் இருக்கிறார்கள்?

இவ்வளவு நேரம் செவி கொடுத்த உங்களுக்கு என் நன்றி. கமிட்டியினரே, மதிலைத் தாண்டி உள்ளே வாருங்கள். நீங்கள் இல்லை என்று எழுதிய சான்றை உங்கள் வாயாலேயே வாசிக்க வைக்கிறேன். எல்லாரும் கிழக்குச் சுவருக்கு எழுந்து வாருங்கள். பலகையின்மேல் முதல் அடி என்னுடையது. வணக்கம்.