ரெண்டு சீட்டு வண்டி

...அதத்தாண்ணே நானும் சொல்றேன். ஒன்னேமுக்கா லட்சம் கிலோமீட்டர் ஓடுன கெழவண்டி, அதுலேருந்து எரியிற நாத்தம் வராம மல்லிப்பூ வாசமா வரும்? வரும்தான். நாளைக்கு வரட்டும், அடுத்த மாசம் வரட்டும், யாரு வேணாங்கறா. இன்னிக்கு வரக்கூடாது. சாயங்கால ரயிலுக்கு அவரு மெட்ராசுலேருந்து திரும்பறாரு. அதுக்குள்ள இந்த நாத்தம் போயாவணும், லூர்து அண்ணே. வேணாம் வேணாம், நீங்க எழுந்திரிக்காதீங்க. அடியிலயே படுத்துக்கிட்டு வேலயப் பாருங்க. வெளிய நீட்டிக்கிட்டு இருக்குற ஒங்க ரெண்டு காலப் பாத்தே நான் பேசிக்கறேன்.

செதம்பரத்துலேருந்து இந்த முதுநகர் ஷெட்டுக்கு எப்பிடி வந்து சேந்தேன்னு எனக்கும் அந்த நடராசருக்குந்தான் தெரியும். ரெண்டு கண்ணாடியயும் எறக்கி உட்டுட்டு, மூக்குல முந்தானிய வெச்சிக்கிட்டு, மாட்டுவண்டி வேகத்துல ஓட்டிக்கிட்டு வரேன். ஆலப்பாக்கத்துல ஒரு பையன் பைக்குல பக்கத்துல வந்து, ஆண்ட்டி பொகையுதுங்கறான். தெரியும் போப்பான்னேன்.

எதுக்கு இவ்ளோ அவசரமா? அது சரி, ஒங்களுக்குத் தெரியாதில்ல. போன மாசம் மங்கலம்பேட்டையில சின்ன நாத்தனா பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். பட்டுப்பொடவ கட்டிக்கிட்டு, கையில சீர்தட்ட வெச்சிக்கிட்டு, இந்த மகாராணி வண்டியில ஏறிப் போறேன். விருத்தாசலம் தாண்டல, முன்னாடிலேருந்து புசுபுசுன்னு ஆவி. ரேடியேட்டர் ஓஸு புட்டுக்கிச்சு. வெயில்னா வெயிலு அப்பிடி ஒரு வெயிலு. கடைசியில சமையல் பாத்திரம் ஏத்திக்கிட்டு வந்த ஒரு குட்டியானை வண்டிய மறிச்சு, அண்டாவுக்கும் கரண்டிக்கும் நடுவுல ஒக்காந்து போயி மண்டபத்துல எறங்குனேன். மாப்ள வூட்டு ஆளு என்னயப் பாத்துட்டு, நேரா பின்பக்கம் போயிடுங்கம்மான்னு சொல்லி கையில ஒரு கூடை வெங்காயத்தயும் குடுத்துட்டாரு. பட்டுப்பொடவைங்கண்ணே. அவரு என்னா நெனச்சாரோ, இந்த ஊரு சமையக்காரங்க பட்டு கட்டுவாங்க போலிருக்குன்னு நெனச்சிருப்பாரு.

அன்னிக்கு நான் ஆடுன ஆட்டம் இருக்கே. அவரு எல்லாத்தயும் கேட்டுட்டு, கண்ணாடியக் கழட்டித் தொடச்சி மாட்டிக்கிட்டு, "அருளு, இன்னொரு தடவ இந்த வண்டி தகராறு பண்ணுச்சுன்னா வித்துடறேன். நடராசர் மேல ஆண"ன்னுட்டாரு. மத்தவங்க ஆண மாதிரி இல்லண்ணே இவரு ஆண. வெத்தல போடறத உட்டுடறேன்னு ஒரு தடவ சொன்னாரு. இப்ப கல்யாணத்துல தாம்பூலம் குடுத்தாக்கூட மோந்து பாத்துட்டு என்கிட்ட குடுத்துடுவாரு. தில்லைநாதன் சொன்னா சொன்னதுதான்னு தெக்கு வீதி பூரா தெரியும். அதான் இப்பிடி ஓடியாந்தேன்.

நீங்களே சொல்லுங்க, மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்குற மனுசனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதுக்கு? பாண்டிச்சேரியில ஒரு பல்லு டாக்டர் வெச்சிருந்தது. பல்லு டாக்டரு வண்டிங்கறதாலயோ என்னவோ, வாங்குனதுலேருந்து ஒவ்வொன்னா ஆடிக்கிட்டு இருக்குது, ஒவ்வொன்னா புடுங்கி மாத்திக்கிட்டு இருக்காரு. மொதல்ல டைமிங் பெல்ட்டு. அறுந்தா இஞ்சினே போயிடும்னாரு, சரின்னேன். அப்பறம் கிளட்சு. அப்பறம் சஸ்பென்ஷனுக்கு ரப்பர் புஷ்ஷு. ஒரு ரப்பர் துண்டு, அது கோயம்புத்தூர்லேருந்து பார்சல்ல வருது. பிரிச்சி வெச்சிக்கிட்டு, தொட்டுப் பாரு அருளு, என்னா கெட்டின்னு என் கையில குடுக்கறாரு. நான் அடுப்புல தோசைய உட்டுட்டு ரப்பரத் தொட்டுப் பாக்கணும். அப்பறம் பிரேக்கு ஓஸு, மேல கம்பி பின்னுனதா. ஏர் ஃபில்டர மாசம் ஒரு தடவ அவரே தொவச்சி நெழல்ல காயப் போடறாரு. அவரு பனியன நான் தொவைக்கணும், வண்டி ஃபில்டர அவரு தொவைப்பாரு. சைலன்சர் மாத்துன அன்னிக்கு, கேளு அருளு, இப்பத்தான் அதுக்குத் தொண்ட தொறந்திருக்குன்னாரு. எனக்கு பதினஞ்சு நாளா இருமல், என் தொண்டயப் பத்தி ஒரு வார்த்த கேக்கல.

எல்லாத்துக்கும் மேல அந்த ஸ்பிரிங்கு. நீங்கதானே போட்டுக் குடுத்தீங்க, ஒங்களயும் சொல்லணும். ஏற்கனவே தரையோட தரையா தவழுற வண்டி, அத இன்னும் ரெண்டு வெரக்கட எறக்கி உட்டுட்டீங்க. எங்க தெரு வேகத்தடையில இது ஏறி எறங்கறதுக்குள்ள பின்னால நிக்கற பஸ்காரன் டீ குடிச்சிட்டு வந்துடுவான். நான் எறங்கி முன்னால நின்னு, வாங்க வாங்க, கொஞ்சம் சோத்தாங்கைப் பக்கம்னு கை காட்டணும். ஸ்பிரிங்கு போட்டு எடுத்துக்கிட்டு வந்த அன்னிக்கு வண்டிய வாசல்ல நிறுத்திட்டு, எதிர்த்த டீக்கடையில போயி ஒக்காந்துக்கிட்டு அதயே பாத்துக்கிட்டு இருந்தாரு. பொண்ணு பாக்க வந்தப்பகூட என்னய அப்பிடிப் பாக்கலண்ணே. அன்னிக்கு பஜ்ஜியத்தான் பாத்தாரு.

என்னா? கடைசியா எங்க ஓட்டுனேனா? எங்கயும் ஓட்டல. சொம்மா வாசல்லதான் நின்னுச்சு... நேத்து ஒரே ஒரு தடவ கீரப்பாளையம் வரைக்கும், எங்க அண்ணன் உத்திராபதியப் பாக்கப் போனேன். நல்ல ரோடு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. நீங்க வயரு கியரு ஏதாவது எரியுதான்னு பாருங்க.

அட, நீங்களும் நல்லாத்தான் கேக்கறீங்க. இவ்ளோ திட்டறியே, வித்தா ஒழிஞ்சிதுன்னு உட வேண்டியதுதானேன்னு. திட்டறது வேற, விக்கறது வேறண்ணே. மாமியாரத் திட்டறோம், வித்துடறமா?

சொல்றேன், இருங்க. எங்களுக்குக் கல்யாணமாயி இருவத்திரெண்டு வருசம் ஆவுது. கூட்டுக் குடும்பம். எங்க போனாலும் வேனு. திருப்பதி போனாலும் வேனு, தீவாளிக்குத் துணி எடுக்கப் போனாலும் ஆறு பேரு. நாத்தனாருங்க, கொழுந்தன் புள்ளைங்க, வாந்தி எடுக்கற ஒன்னு, வழியெல்லாம் அழுவுற ஒன்னு. எனக்கு ஜன்னலோரம் கெடச்சதே இல்ல. அவரு டிரைவர் பக்கத்துல முன்னால, நான் புளிசாத தூக்கோட பின்னால. இந்த வண்டி வந்து நின்ன அன்னிக்கு மாமியாரு சுத்திச் சுத்திப் பாத்துட்டு, இதுல நான் எங்கடா ஒக்கார்றதுன்னாங்க. அவரு துணிய எடுத்து வண்டியத் தொடைக்க ஆரம்பிச்சிட்டாரு. ரெண்டே சீட்டுதான் இருக்கும்னு தெரியாமயா வாங்கியிருப்பாரு? எனக்கே அது ரொம்ப நாள் கழிச்சித்தான் ஒறைச்சிது.

இப்ப ஞாயித்துக்கெழம விடியறப்ப கெளம்பிடுவோம். சாமியார்பேட்ட வரைக்கும், கடல் தெரியிற எடத்துல நிறுத்துவாரு. நாளெல்லாம் ஊராங் கண்ண அளந்துட்டு வர்ற மனுசன், வூட்டுல ரெண்டு வார்த்த சேந்தாப்புல பேசாது. வண்டியில ஒக்காந்தா பேசுதுண்ணே. ஒவ்வொரு கியருக்கும் ஒரு கத சொல்லுது. எனக்கு ஓட்டக் கத்துக் குடுத்ததும் அந்த ரோட்டுலதான், ஒரு தடவ திட்டல. எனக்கு இந்த வண்டி வேணும். போச்சுன்னா மறுபடி வேனுதான், மறுபடி புளிசாத தூக்குதான். அவரு ஆண போட்டது என்னால. அத நெனச்சாத்தான் எனக்குத் தூக்கமே வரல.

என்னாது அது, கையில? வைக்கோலா? குருவிக்கூடா இருக்கும். எங்க தெருவுல குருவி ஜாஸ்தி.

இன்னொரு கத்தையா. பெரிய குருவி போல. ...அது என்னா கீழ உதுருது, கறுப்பா? பூச்சியா இருக்கும் பாருங்க.

சரி சரி, மொகத்துக்கு நேரா நீட்டாதீங்க. உளுந்துதான். எனக்குத் தெரியாதா உளுந்து. என் நெலத்துல வெளஞ்சது.

ஒங்க கூடப்பொறந்தவளா நெனச்சிக் கேளுங்க. கீரப்பாளையத்துல பாதி நெலம் என் பேருல, அண்ணந்தான் பாத்துக்குது. உளுந்தச் செடியோட புடுங்கி ரோட்டுல பரப்பியாச்சு. வழக்கமா பஸ்ஸு, லாரி எல்லாம் மேல ஏறிப் போவும், சாயங்காலத்துக்குள்ள நெத்து ஒடஞ்சி உளுந்து தனியா வந்துடும். இந்த வருசம் பாலம் கட்டறோம்னு வண்டிங்கள அந்தப் பக்கம் திருப்பி உட்டுட்டாங்க. ரோட்டுல ஒரு சைக்கிள்கூட வரல. டிராக்டர்காரனுக்குப் போன் போட்டா நாளைக்குங்கறான். மேற்கால மானம் கறுத்துக்கிட்டு வருது. நனஞ்சிதுன்னா அங்கயே மொளச்சிடும்ணே, ஒரு வெள்ளாமையே போச்சு. அண்ணன் தலையில கைய வெச்சிக்கிட்டு ஒக்காந்துடுச்சு. நான் திரும்பிப் பாக்கறேன், இது செவப்பா நிக்குது. புதுசா போட்ட அகல டயரு வேற.

ஒரே ஒரு நடைதான்னு சொல்லிட்டுத்தான் எடுத்தேன். நெத்து என்னமா ஒடையுது தெரியுமா, படபடன்னு. டிராக்டர் தோத்துது போங்க. அண்ணன் கவக்கம்பால செடியப் பெரட்டிப் போட, நான் போவ, வர, போவ, வர. ரிவர்ஸ்லயும் ஓட்டுனேன். மொத சொட்டு மழை விழறதுக்குள்ள எல்லாம் மூட்டையில ஏறிடுச்சு. கடைசி ரெண்டு நடை மட்டும்... அது உளுந்துக்கு ஓட்டலண்ணே, ஆசைக்கு ஓட்டுனேன். திரும்பறப்பத்தான் நாத்தம் வந்துச்சு. வண்டி ஒசரமா இருந்திருந்தா செடி இப்பிடி அடியில போயி சுத்திக்குமா? அவரு எறக்குனது, நீங்க எறக்கிக் குடுத்தது, என்னய மட்டும் சொல்லாதீங்க.

வேற சேதாரம் ஒன்னும் இல்லியே? சூடான சைலன்சர் மேல செடி ஒட்டிக்கிட்டு கருவுது, அவ்ளோதானா? ஒரு ரப்பர் மூடி கிழிஞ்சிருக்குன்னா மாத்திடுங்க. நடராசா. அவருக்கு மட்டும் தெரியவே கூடாது.

ஏண்ணே சிரிக்கறீங்க? ஒங்க காலு ஆடுது, எனக்குத் தெரியுது.

போன் பண்ணாரா? யாரு, அவரா? காலையிலயேவா? அப்ப நான் வந்ததுலேருந்து தெரிஞ்சிக்கிட்டேதான் படுத்துக் கெடக்கறீங்களா? அவருக்கு எப்பிடி... ஸ்டேட்டஸா? எங்க அண்ணன் என்னய வீடியோ எடுத்து வாட்சப்புல ஸ்டேட்டஸ் போட்டிருக்குதா? அது கவக்கம்பு புடிச்சிதுன்னு பாத்தா, இன்னொரு கையில போனா புடிச்சிருந்துச்சு. நல்ல கூடப்பொறப்பு.

என்னா சொன்னாரு? மறைக்காம சொல்லுங்க. வித்துடறேன்னாரா?

...தகராறு பண்ணது வண்டி இல்ல, பொண்டாட்டின்னாரா. ஆண வண்டிக்குத்தான், பொண்டாட்டிக்கு இல்லன்னாரா. ம். நல்லா பாயிண்ட் புடிக்கறாரு. பொண்டாட்டிய விக்கறதா இருந்தா வாங்க ஆளு வேணுமில்ல, அதான் உட்டுட்டாரு.

இன்னும் ஏதோ சொன்னாருன்னீங்களே.

ஸ்பிரிங்கக் கழட்டிட்டு பழசயே போட்டுடச் சொன்னாரா? ஒசரமாவா? ...எதுக்கு? அவ அடுத்த வருசமும் ஓட்டுவா, அடியில மாட்டிக்கிச்சுன்னா நெருப்புக்கிருப்பு புடிச்சிக்கும்னாரா.

...

இல்லண்ணே, கண்ணுல பொகை. இந்த ஷெட்டுல ஒரு ஃபேனு போடக் கூடாதா நீங்க.

கழட்டாதீங்க. ஸ்பானர அந்தாண்ட வெய்யிங்கன்றேன். ஆசப்பட்டுப் போட்டது. டீக்கடையில ஒக்காந்து அவரு அதப் பாத்தத நான் பாத்தேன், நீங்க பாக்கல. அடுத்த வருசம் நான் டிராக்டர்காரன் கால்ல விழுந்தாவது கூட்டியாறேன். ஸ்பிரிங்கு அப்பிடியே இருக்கட்டும். அந்த ரப்பர் மூடிய மட்டும் மாத்தி, செடிய சுத்தமா எடுத்து உடுங்க. எடுத்த உளுந்த கீழ தள்ளாதீங்க, அந்தக் காகிதத்துல போடுங்க.

இருங்க, போன் அடிக்குது. அவருதான். சத்தம் போடாதீங்க.

என்னங்க... ஆங், சாப்ட்டேன். எங்கயா? வூட்டுலதான் இருக்கேன். ...என்னா சத்தம்? பக்கத்து வூட்டுல ஏதோ தட்டறாங்க... சரி உடுங்க, லூர்து அண்ணன் ஷெட்டுல இருக்கேன். அதான் ஒங்களுக்குத் தெரியுமே. ...மெதுவா சிரிங்க, ரயில்ல எல்லாரும் பாக்கப் போறாங்க. ...மாத்தல. ஸ்பிரிங்கு மாத்தலன்னா மாத்தல, நான்தான் வேணாம்னேன். ...ம். ...ம். அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். செதம்பரம் வரைக்கும் போவாதீங்க, முதுநகர்லயே எறங்கிடுங்க. நான் வந்து கூட்டிக்கறேன். ...நான்தான் ஓட்டுவேன். அதுல பேச்சே இல்ல. ...இன்னொன்னுங்க. என் பங்கு மூட்டையில டிக்கி ரொம்பிடுச்சு, ஒங்க சீட்டுல ஒரு உளுந்து மூட்ட இருக்குது. மடியில வெச்சிக்கிட்டு வாங்க.