மூணு டைமன், பாஸ்

— மூணு டைமனா, டீச்சர்? கடைசி ஆட்டத்துல போய்... மூணா?

— வாய் தவறி வந்துருச்சு டாக்டர். படியைப் பாத்து இறங்குங்க.

— வாய் தவறியா? நாம என்ன வாயாலயா ஏலம் கேக்கறோம்? அட்டையைத்தானே எடுத்து வைக்கறோம்.

— சரி, கை தவறி.

— இத்தனை வருஷமா பிரிட்ஜ் ஆடறவங்களுக்குக் கை தவறுமா? நான் ஒரு டைமன்னு ஆரம்பிக்கறேன். என் ஜோடி நீங்க, எதிர்ல இருக்கீங்க. உங்க கையில டைமனும் இருக்கு, பலமும் இருக்கு. அப்ப என்ன சொல்லணும்?

— ரெண்டு.

— மூணு எப்ப?

— டைமன் மட்டும் இருந்து, வேற சரக்கு ஒண்ணும் இல்லாதப்ப. எதிராளி வாயை அடைக்கறதுக்கு. இதை உங்களுக்குச் சொல்லிக்குடுத்ததே நான்தான்.

— அதான் கேக்கறேன்.

— ஊர்ல எல்லாரும் நிறைய இருந்தா பெரிசா சொல்லுவாங்க. நமக்கு மட்டும் தலைகீழ். நிறைய இருக்கறவதான் மெதுவா சொல்லணும். ஒரு நாளாவது குழம்பாதா?

— மெதுவா சொன்னாத்தானே நான் பாஸ் சொல்லிட்டு எழுந்திருக்க முடியாது. ரெண்டுன்னா நான் பதில் சொல்லியே ஆகணும், பேச்சு நீளும். அதுக்குத்தானே அந்த ஏற்பாடே.

— தெரியும்...

— கப் போச்சு. மத்த மேஜையில எல்லாம் மேல மேலன்னு போயிருப்பாங்க. பெரிசா கேட்டாத்தானே பெரிய மார்க், நாம மூணுலயே நின்னுட்டோம். பேங்க்காரர் ஜோடி தூக்கிட்டுப் போயிருச்சு.

— போகட்டும். அவர் வீட்டுல தூசி தட்ட ஆள் இருக்கு.

— கீழ நிக்கறது உங்க பையன் காரா?

— ம். மருமகளும் வந்திருக்கா. அவங்க வீட்டு மாடி ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சு வச்சுட்டாங்களாம். ‘ஒரே ஒரு தடவை கப்பு வாங்கிட்டு உங்களோடயே வந்துடறேன்டா’ன்னு வருஷா வருஷம் சொல்லிட்டிருக்கேன்.

— இன்னிக்கு வாங்கியிருந்தா...

— அடுத்த வாரம் லாரியில சாமான் ஏறியிருக்கும்.

— ம்.

— என்ன ம்?

— ஒண்ணுமில்ல. நல்ல பையன். கூப்பிடறான்... போறதுதானே முறை.

— நான் போனா உங்களுக்கென்ன, பேங்க்காரர் இருக்கார். கூட ஆடறதுக்குக் காத்துட்டிருக்கார்.

— எனக்கு ஒத்து வராது. சத்தம் ஜாஸ்தி... டீச்சர், வாரம் பூரா எல்லார் வாயையும் திறக்கச் சொல்றேன். ஒருத்தர் பேசறதில்ல. எப்படிப் பேசுவாங்க, நான் பஞ்சு வச்சிருப்பேன். வீட்டுக்குப் போனா ஃப்ரிட்ஜ் சத்தம்தான். சனிக்கிழமை மட்டும்தான் எதிர்ல ஒரு ஆள்.

— அந்த ஆளும் ஆட்டத்துல பேசக்கூடாதே.

— பேச வேண்டாம். உக்காந்திருந்தா போதும்.

— ...கொஞ்சம் நில்லுங்க. முட்டி வலிக்குது.

— முட்டியா? ஏறும்போது எனக்கு முன்னாடி ஏறினீங்க.

— இறங்கறதுக்குத்தான் வலிக்குது.

— சரி. நிக்கலாம்.

— டாக்டர்... என் சீட்டை மேஜை மேல விரிச்சு வச்சுட்டு நான் தண்ணி குடிக்கப் போயிட்டேன். நீங்கதான் ரெண்டு கையையும் ஆடினீங்க. எத்தனை பிடி எடுத்தீங்க?

— முடிஞ்ச கதை, இப்ப எதுக்கு...

— எத்தனை?

— பன்னண்டு.

— பதிமூணுல பன்னண்டு. என் சீட்டுக்கு அஞ்சு வந்தாலே பெரிசு. மீதி?

— டைமன் நல்லா விழுந்துச்சு.

— கணக்கு டீச்சர்கிட்ட அளக்காதீங்க. எதிராளி ரெண்டு பேரும் மூச்சு விடல. அப்ப பெரிய சீட்டெல்லாம் உங்ககிட்டதான் இருந்திருக்கணும். என்கிட்ட ஒண்ணுமே இல்லன்னு நினைச்சிருந்தாக்கூட, அந்தக் கைக்கு நீங்க மேல போயிருக்கணும். ஏன் பாஸ் சொன்னீங்க?

— முதல்ல நீங்க சொல்லுங்க. கை தவறித்தான் வந்துச்சா?

— இல்ல.

— அப்புறம்?

— ரெண்டு மேலதான் விரலை வச்சேன். உங்களை ஒரு தடவை பாத்தேன். மூணை எடுத்துட்டேன்... எனக்குப் போக மனசு வரல டாக்டர். போதுமா?

— போதும்.

— இப்ப நீங்க.

— மூணு ஏஸ், ரெண்டு ராஜா. நீங்க மூணுன்னு வச்சதும், தப்பிச்சோம்டான்னு இருந்துச்சு. உடனே பாஸ் அட்டையை எடுத்து வச்சுட்டேன்.

— ஆளைப் பாரு. இவ்வளவையும் வச்சுக்கிட்டு மேல படியிலேர்ந்து என்னைத் திட்டிட்டே வரீங்க.

— திட்டலன்னா சந்தேகம் வரும்ல.

— ஹாரன் அடிக்கறான்.

— என்ன சொல்லப் போறீங்க?

— அடுத்த வருஷம் பாக்கலாம்டான்னு சொல்லிடறேன்.

— கோவிப்பானே.

— கோவிக்கட்டும், பெத்தவ சமாளிச்சுக்கறேன்... இருங்க, இருங்க. போன வருஷமும் கடைசி ஆட்டம்தான். ஆட்டின் போட வேண்டிய இடத்துல டைமனைப் போட்டுத் தோத்தீங்களே. ‘ரெண்டும் செகப்பு, இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியறதில்ல’ன்னு... அன்னிக்கு ரோட்டைத் தாண்ட நான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேனே, டாக்டர்?

— எனக்குக் கண்ணு தெரியலன்னு நிஜமாவே நம்பியிருந்தா, மறுநாளே வந்து என்கிட்ட பல்லைப் பிடுங்கிட்டுப் போயிருப்பீங்களா, டீச்சர்?