டீச்சருக்கு ஒரு ஓட்டு

துபாயில் தேராவுக்குப் போகும் படகில் எனக்கு எதிரே ஒரே ஊர்க்காரர்களான இரண்டு கடைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஊரில் வார்டு தேர்தல்.

“ஜமாஅத் சொன்ன ஆளுக்குப் போட மாட்டேன்னுட்டாளாமே ஒன் பொண்டாட்டி?” என்றார் பெரியவர்.

“ஆமா காக்கா. போன்ல சொல்லிப் பாத்தேன்” என்றார் இளையவர். “‘அஞ்சு வேளையும் தொழுவுறேன், ஒங்க உம்மாவப் பாத்துக்குறேன். அதுல கொற இருந்தா சொல்லுங்க. ஓட்டு மட்டும் தெருவுக்குத் தண்ணி கொண்டாந்த டீச்சருக்குத்தான்’னுட்டா.”

“அந்த டீச்சர் நம்ம மார்க்கம் இல்லையே!”

“அந்தத் தண்ணியிலதான காக்கா ஊருல நாம கைகால் கழுவி ஒளுச் செஞ்சு தொழுவுறோம்?”

பெரியவர் குரலை உயர்த்தினார். “நாளைக்கு ஜமாஅத்துல கூப்பிட்டுக் கேப்பாங்க. குடும்ப மானம் என்னாவுறது?”

“கேக்கட்டும். புருசன் சொல்லித்தான் அவ போட்டான்னு என் பேரச் சொல்லுங்க.”