பாறை சொன்ன பேரு

கண்ணுசாமி: ...மேல ஏறிப் பாத்துட்டு எறங்க இம்புட்டு நேரமா? எல்லாரும் பஸ்ஸுல ஏறியாச்சு.

சுந்தரம்மாள்: வந்துட்டேன்ல. செத்த இருங்க, மூச்சு வாங்குது... யப்பா, என்னா ஆறு! ரெண்டு பக்கமும் மானத்த முட்டுற பாறை, நடுவுல அம்புட்டுத் தண்ணி!

கண்ணுசாமி: நம்ம ஊரு குஜிலியம்பாறையில வத்திக் கெடக்குற கெணத்துக்கு ரெண்டு வாளி கேட்டியா?

சுந்தரம்மாள்: கேலியப் பாரு. மூட்டுவலின்னு கீழயே உக்காந்துட்டு...

கண்ணுசாமி: அது கெடக்கட்டும். இந்த நேஷனல் பார்க் கைடு சொன்னாரே... மேல நின்னு பிடிச்சவங்க பேரக் கத்துனா பாறை திருப்பிச் சொல்லும்னு. கத்துனியா?

சுந்தரம்மாள்: ம்... கத்துனேன்.

கண்ணுசாமி: யார் பேர?

சுந்தரம்மாள்: மகன் பேரத்தான்.

கண்ணுசாமி: முகேஷ்குமாரையா! கட்டுனவன் ஞாபகம் வரலியாக்கும்?

சுந்தரம்மாள்: புருசன் பேரச் சொன்னா ஆயுசு கொறையும்னு எங்காத்தா...

கண்ணுசாமி: ஆமா, ஆமா. ஆஸ்பத்திரியில நர்சுப் பிள்ள புருசன் பேரு கேட்டதுக்கு, கண்ணத் தொட்டுக் காட்டி ஒரு கும்பிடு போட்டவதான நீயி!

சுந்தரம்மாள்: சரியாத்தான காட்டுனேன்! அந்தப் பிள்ளைக்குத்தான் வெளங்கல.

கண்ணுசாமி: எப்படி வெளங்கும்? கண்ணு தெரியலன்னு கும்பிடுறன்னு நெனச்சு கண் டாக்டர்கிட்ட அனுப்பிருச்சு. வயித்துவலிக்குப் போயிட்டு கண்ணு மருந்தோட வந்த!

சுந்தரம்மாள்: ஐயோ போதும்... சிரிச்சே வயிறு வலிக்குது. பஸ்ஸுக்கு வாங்க.

கண்ணுசாமி: என் பேர உன் வாயால ஒரு தடவ கேட்டுப்புடணும்னு எனக்கு எம்புட்டு ஆச தெரியுமா?

சுந்தரம்மாள்: இந்த வயசுல ஆசையப் பாரு!

கண்ணுசாமி: சரி, சரி, வாரேன்... பாறை மூணு தடவ சொல்லுச்சு, என்ன?

சுந்தரம்மாள்: ஆமா, மூணு தட... உங்களுக்கு எப்படித் தெரியும்?

கண்ணுசாமி: கீழயும் கேட்டுச்சுல்ல.

சுந்தரம்மாள்: ...என்ன கேட்டுச்சு?

கண்ணுசாமி: முகேஷ்குமார்னு கேக்கல.

சுந்தரம்மாள்: ஐயய்யோ! ஆயுசு...

கண்ணுசாமி: கூடித்தான் போச்சு, போ! முப்பது வருசமா "இந்தாங்க, இந்தாங்க"ன்னே கேட்ட காது. நம்ம பேருதான்னு வெளங்கவே செத்த நேரமாச்சு. சந்தோசம் தாங்காம நானும் எந்திரிச்சுக் கத்திப்புட்டேன். "ஏ புள்ள"ங்கறதத் தவிர நான் என்னத்தக் கூப்பிட்டேன்? இன்னைக்குத்தான் "சுந்தரம்மா"ன்னு... அம்புட்டு ஒசரத்துல உனக்கு எங்க கேட்டிருக்கும்!

சுந்தரம்மாள்: கேட்டுச்சு. இன்னொரு தடவ கூப்பிடுவீங்களான்னு அங்கனயே நின்னேன். அதான் இம்புட்டு நேரம்.