இருபத்துநான்கு டிகிரி

வீட்டு ஏசிக்குத் தெர்மோஸ்டாட் வாங்குவதாக இருந்தால், சென்சார் தனியாகக் கழன்று வருகிறதா என்று முதலில் கேளுங்கள். கடைக்காரர் திரையின் அழகைக் காட்டுவார். வாயால் சொன்னாலே குளிரும் என்பார். அதெல்லாம் இரண்டு வாரத்தில் சலித்துவிடும். அது எந்த இடத்தின் சூட்டை அளக்கிறது என்பதுதான் முக்கியம். சுவரில் ஒட்டிய பெட்டிக்குத் தன்னைச் சுற்றியுள்ள காற்று மட்டுமே தெரியும். பக்கத்து அறையில் என்ன நடக்கிறது என்று அது அறியாது.

நீங்கள் ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். ஆரம்பம் இதுதான். எழுதிக்கொள்ள வசதியாக மெதுவாகவே சொல்கிறேன்.

எங்கள் வீடு ஐந்தாவது மாடியில் இருக்கிறது. கூடம், சமையலறை, இரண்டு படுக்கையறைகள். கூரையை ஒட்டிக் குழாய் போட்டு ஒரே இயந்திரம் எல்லா இடத்துக்கும் குளிர்காற்று அனுப்பும். அம்மாவின் அறை மேற்குப் பார்த்தது. மதியத்துக்கு மேல் வெயில் அந்தச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால் இருட்டும் வரை எழுந்திருக்காது. என் அறை உள்பக்கம். வெயில் என்று ஒன்று இருப்பதே அந்த அறைக்குத் தெரியாது.

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்றார்கள். அம்மாதான் எழுந்திருக்கவில்லை. அப்போது நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலையில் இருந்தேன். தண்ணீர் மாதிரியைத் தட்டில் ஊற்றி, வெப்பப் பெட்டியில் வைத்து, மறுநாள் எத்தனை கிருமி முளைத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை. எனக்கு ஒத்துப்போன வேலை. அண்ணனுக்கும் அக்காவுக்கும் குடும்பம் இருந்தது. இருவருமே விமானம் ஏறி வர வேண்டிய தூரத்தில் இருந்தார்கள். எனக்குக் குடும்பம் இல்லை, அதனால் நான் நீண்ட விடுப்பு எடுத்தேன். யாரும் என்னை எடுக்கச் சொல்லவில்லை. சொல்லாமலே முடிவானதால் மாட்டேன் என்று சொல்லவும் இடமில்லாமல் போயிற்று.

கோடை தொடங்கும்போது பழைய தெர்மோஸ்டாட் பழுதானது. அண்ணன் மூன்று பேரையும் போனில் சேர்த்தான்.

"இந்தத் தடவை ஸ்மார்ட்டா வாங்கிடுவோம். நாங்களும் இங்கேருந்தே பாத்துக்கலாம். நீயே பாத்துச் சொல்லு குட்டி, நீதானே சயின்ஸ் படிச்சவ."

"கேமரா வெச்சதெல்லாம் இருக்காமே," என்றாள் அக்கா.

"அம்மாவுக்கு உடம்பு துடைக்கிற ரூம்க்கா அது."

"ஐயோ, ஆமால்ல. வேணாம் வேணாம்."

ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடிக்கும் மாடலையும் அதே காரணத்துக்காக ஒதுக்கினேன். அந்த நேரத்தில் என் மனதில் இருந்த காரணம் அதுதான். இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியில் தேர்ந்தெடுத்தது சாதாரண மாடல். கூடத்துச் சுவரில் ஒரு பெட்டி, தீப்பெட்டி அளவில் ஒரு சென்சார். சென்சாரை அம்மாவின் தலைமாட்டு அலமாரியில் வைத்தோம். பொருத்த வந்தவர் கலகலப்பானவர்.

"இது எங்க இருக்கோ அதுதாம்மா உங்க வீடு. இதுக்கு ஜில்லுன்னு ஆயிடுச்சுன்னா மெஷின் நின்னுடும்."

"எடுத்து வேற ரூம்ல வெச்சா?"

"அப்ப அந்த ரூம் கணக்கு. தப்பித்தவறி ஃப்ரிட்ஜ்ல வெச்சுடாதீங்க, மெஷின் லீவு போட்டுட்டுப் போயிடும்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூன்று போனிலும் அம்மாவின் அறை வந்தது. திரையில் 'அம்மா' என்று எழுதி, கீழே ஒரு எண். இருபத்துநான்கில் வைக்க வேண்டும் என்று அண்ணன் முடிவு செய்தான். ஒருமுறை நான் அதை மாற்றினேன் என்று சுவர்ப் பெட்டியைப் பூட்டிவிட்டான். பூட்டைத் திறக்கும் எண் அவனிடம் இருந்தது. ஜன்னலிலும் ஒரு சின்ன வில்லை ஒட்டப்பட்டிருந்தது. ஜன்னலைத் திறந்தால் அவன் போனில் மணி அடிக்கும். நான் தெருவைப் பார்க்கலாமே என்று திறந்தால், இரண்டு தடவை மூச்சு விடுவதற்குள் என் போன் அடிக்கும்.

"என்ன குட்டி, ஜன்னல் திறந்திருக்கு? கூலிங்கெல்லாம் வெளிய போகுது பாரு."

மூடிவிடுவேன். தெருவில் பால் வண்டி, பள்ளிக்கூட வேன், மாடிப்படி துடைக்கிற பெண் என்று எல்லாருக்கும் போக ஓரிடம் இருந்தது. எனக்குக் கூடத்திலிருந்து அம்மா அறை, அம்மா அறையிலிருந்து சமையலறை.

பரிசோதனைக் கூடத்தின் மேலாளர் கூப்பிட்டார். நல்ல மனுஷி. மாதக் கடைசிக்குள் வந்து சேர்ந்தால் இடம் இருக்கும், அதற்கு மேல் அவர் கையில் இல்லை என்றார். அன்று சாயங்காலமே அண்ணனிடமும் அக்காவிடமும் கேட்டேன். யாராவது ஒருவர் வந்து கொஞ்ச நாள் இருங்கள், அதற்குள் ஒரு நர்ஸைப் பழக்கிவிடலாம் என்று. இவ்வளவு நீளமாக நான் அவர்களிடம் எதுவும் கேட்டதில்லை.

"ஊர் பேர் தெரியாத ஆள்கிட்ட அம்மாவை விடறதா?" என்றான் அண்ணன். "நாங்க மட்டும் இங்க சும்மாவா இருக்கோம்? மீட்டிங் நடுவுலகூட அம்மா ரூமைப் பாத்துட்டுதான் இருக்கேன்."

"நானும்தான்," என்றாள் அக்கா. "எழுந்ததும் மொதல்ல அதைத்தான் பாக்கறேன். நீ இருக்கியே, அது எவ்ளோ பெரிய நிம்மதி தெரியுமா எங்களுக்கு."

அவர்கள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். எதைப் பார்க்கிறார்கள் என்பதுதான் எனக்குச் சந்தேகமாக இருந்தது. சந்தேகம் வந்தால் சோதித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் நான் படித்திருக்கிறேன். சென்சாரை எடுத்து என் அறையில், என் தலையணைப் பக்கத்தில் வைத்தேன்.

ஒரே சாயங்காலத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள், பதறிக்கொண்டு கேட்பார்கள், நானும் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்தேன். என் அறை சீக்கிரம் குளிர்ந்தது. இயந்திரம் நின்றது. மேற்குச் சுவர் தன் வேலையைத் தொடங்கியது. வழக்கம்போல அண்ணன் கூப்பிட்டான். எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் அம்மாவிடம் பேசுவான்.

"புழுங்குதுடா," என்றாள் அம்மா.

"அம்மா, இருபத்துநாலு இருக்கு. பாத்துட்டுதானே பேசறேன்."

"நீ அங்க பாக்கற. நான் இங்க கெடக்கறேன்."

"வாய் மட்டும் கொறையவே இல்ல உனக்கு," என்று சிரித்தான்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அவன் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அடுத்த நாளும் இதேதான். அதற்கு அடுத்த நாள் அக்கா பேசினாள். அம்மா சத்தம் போட்டாள், "ஏண்டி, நான் என்ன பொய்யா சொல்றேன்?" என்று. அக்கா பொறுமையாகவே பேசினாள். வயசானால் உடம்புக்குச் சூடு குளிர் தெரியாதாம், மாமியாருக்கும் இப்படித்தான் இருந்ததாம். அண்ணன் தனக்குத் தெரிந்த டாக்டரிடம் போனில் கேட்டு, மனப்பதற்றத்துக்கு ஒரு மாத்திரை எழுதி வாங்கி அனுப்பினான். நான் அதைத் தவறாமல் கொடுத்தேன்.

சோதனை என்றால் ஒரு முடிவு கிடைக்கும் வரை நடத்த வேண்டும். முடிவு வரவில்லை என்றால் அளவு போதவில்லை என்று அர்த்தம். அம்மா அறையின் கூரையில் காற்று வரும் இடத்தில் மூடிபோல் தகடுகள் உண்டு. ஸ்டூல் போட்டு ஏறி அவற்றைச் சாய்த்து மூடினேன். கதவையும் சாத்தி வைத்தேன். கல்லூரியில் வாங்கிய கண்ணாடி வெப்பமானி ஒன்று என்னிடம் இருந்தது. அதை அம்மாவின் தலைமாட்டில், சென்சார் இருந்த இடத்திலேயே வைத்தேன். எனக்கு உண்மையான அளவு தெரிந்திருக்க வேண்டும் அல்லவா. முப்பத்தாறு காட்டியது. பிறகு அதற்கும் மேலே போயிற்று.

"கோழிய அடைக்கு வெச்ச மாதிரி வெச்சிருக்கடி என்னை," என்றாள் அம்மா. "இன்னும் ரெண்டு நாள்ல குஞ்சு பொரிச்சுடுவேன்."

நான் சிரித்தேன். அம்மா எப்போதும் அப்படித்தான், சிரிப்பு மூட்டுவாள். நெற்றியைத் துடைத்தேன், இரவிக்கையை மாற்றினேன், விசிறிவிட்டேன். அம்மாவை நான் ஒரு நாளும் கவனிக்காமல் விட்டதில்லை. முதுகில் புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்திருக்கிறேன். நீங்கள் பார்த்திருப்பீர்கள், ஒரு புண்கூட இருந்திருக்காது.

அம்மா அலமாரியைப் பார்த்தாள்.

"அந்தத் தீப்பெட்டி எங்கடி?"

"சார்ஜ் போட்டிருக்கேம்மா."

"அதுக்குப் பேட்டரின்னு அன்னைக்கு அந்த ஆள் சொன்னானே."

நான் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, யாரோ ஒட்டுக்கேட்பது போலப் பேசினாள்.

"வேலைக்குப் போகணும்னா போயேண்டி. உன்னைக் கட்டிப் போட்டது நான்தான்னு எனக்குத் தெரியாதா? நர்ஸ் வெச்சுக்கோன்னு உங்கண்ணன்கிட்ட நானே சொல்றேன். போனைப் போடு."

போட்டுக் கொடுத்தேன். அம்மா சொன்னாள். நிதானமாக, ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். அண்ணன் முழுவதும் கேட்டுவிட்டு, போனை என்னிடம் தரச் சொன்னான்.

"அம்மா ரொம்பக் கொழம்பி இருக்கா குட்டி. எதை எதையோ பேசறா. இந்த நெலமைல நீ விட்டுட்டுப் போறதைப் பத்தி யோசிக்கவே கூடாது."

என்னை விடுவிக்கக்கூடிய ஒரே ஆள் அம்மாதான். அவள் பேச்சுக்கு மதிப்பு இல்லாமல் செய்தவள் நான். இதை இப்போது உங்கள் முன் உட்கார்ந்திருக்கும்போது தெளிவாகப் பார்க்க முடிகிறது. அன்று எனக்கு அண்ணன் மேல் மட்டும்தான் கோபம் வந்தது. அதுவும் பெரிய கோபம் இல்லை. பூட்டிய பெட்டியின் முன் நின்று நாலைந்து எண்களை அழுத்திப் பார்த்தேன். திறக்கவில்லை. திறந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. சென்சாரை மட்டும் எடுத்த இடத்தில் திரும்ப வைக்கவில்லை.

ஏன் வைக்கவில்லை என்று கேட்டீர்கள். வைத்தால் எல்லாம் சரியாகிவிடும். அம்மா அறை குளிர்ந்துவிடும், அம்மா புழுங்குது என்று சொல்வதை நிறுத்திவிடுவாள், அவர்கள் எண்ணைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருப்பார்கள். நான் அதே வீட்டில், அதே மூன்று இடங்களுக்கு நடுவில் நடந்துகொண்டே இருப்பேன். வைக்காமல் இருந்தால் என்றைக்காவது ஒருநாள் யாராவது வர வேண்டியிருக்கும்.

வந்தார்கள். கிடைத்த முதல் விமானத்தில் இருவரும் வந்தார்கள். அக்கா படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைத் தடவிக்கொண்டே, "கடைசி வரைக்கும் ஜில்லுன்னுதானே இருந்தா, இல்ல?" என்று என்னைக் கேட்டாள். அண்ணன் அழுது களைத்து, சற்றுப் படுக்கலாம் என்று என் அறைக்குப் போனான். தலையணையை நகர்த்தியபோது சென்சார் அவன் கையில் பட்டிருக்கிறது. வெளியே வந்து அதை உள்ளங்கையில் நீட்டினான். என்னை எதுவும் கேட்கவில்லை. உங்களுக்குத்தான் போன் செய்தான்.

இனி அந்தக் கடைசி நாள் மதியம் வந்த அழைப்பைப் பற்றி. அண்ணன் தன் வாக்குமூலத்தில் சொல்லியிருப்பான், சொன்னது சரிதான். ஊரில் வெயில் தாங்க முடியவில்லை என்று செய்தியில் பார்த்துவிட்டு, வேலை நேரத்தில் கூப்பிட்டான். அப்போது அம்மாவுக்கு வியர்ப்பது நின்று போயிருந்தது. தோல் காகிதம் மாதிரி காய்ந்து சுட்டது. வியர்வை நின்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அம்மா காலையிலிருந்து தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் டம்ளரில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்தபோதுதான் போன் அடித்தது.

"நம்பரை விடு குட்டி," என்றான் அண்ணன். அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. "எனக்கு மனசே சரியில்ல. அம்மாகிட்ட குடு. அவ வாயால கேக்கணும்."

ஒரு கையில் போனைப் பிடித்து அம்மாவின் காதில் வைத்தேன். இன்னொரு கையில் டம்ளர் இருந்தது. அம்மாவின் கை எட்டாத இடத்தில் பிடித்திருந்தேன், கொட்டிவிடக்கூடாது என்று.

"அம்மா, நெஜமா சொல்லு, புழுங்குதா? இப்பவே கெளம்பி வரட்டுமா?"

அம்மா டம்ளரைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். மறுபடி டம்ளரைப் பார்த்தாள்.

"நல்லா இருக்குடா," என்றாள். "ஜில்லுன்னு இருக்கு."

அண்ணன் பெருமூச்சு விட்டது எனக்கே கேட்டது. போனை வைத்துவிட்டு அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தேன். பாதிதான் உள்ளே இறங்கியது. வாயைத் துடைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு என் அறைக்குப் போய்ப் படுத்தேன். அங்கே இருபத்துநான்கு இருந்தது. நன்றாகத் தூங்கினேன்.

நான் எதையும் மறைக்கவில்லை. ஆனால் ஒன்று மட்டும் நியாயமாகப் பதிவாக வேண்டும். அண்ணன் வருகிறேன் என்றுதான் சொன்னான். வேண்டாம் என்று சொன்னவள் அம்மா. நான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.