புல்பக் நிற்க ஓர் இடம்

முழங்கால் இரண்டும் மடங்காது ஐயா, அதனால்தான் காலை நீட்டிக்கொண்டு இருக்கிறேன். மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். நாயாற்று மணலில் இத்தனை வருடம் வெறுங்காலோடு பந்தடித்தவனுக்கு வேறு எப்படி இருக்க வரும்? கதிரைக்கு நன்றி. தேத்தண்ணீரும் நன்றாக இருக்கிறது.

நானாகத்தான் வந்தேன், யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் மாதா கோயிலுக்குப் புதிதாக வந்திருக்கிற சுவாமி, பொலிசில் போய்ச் சொன்னால்தான் பாவமன்னிப்புத் தருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். பழைய சுவாமி அப்படி இல்லை. இதே பாவத்தை அவரிடம் ஒவ்வொரு வருடமும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறேன். மூன்று பிரியதத்த மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பிவிடுவார். நல்ல மனிதர். காது கொஞ்சம் மந்தம். புதியவருக்கு நன்றாகக் கேட்கிறது.

நீங்கள் விபூதி பூசுகிறவர், எங்கள் சங்கதி தெரிந்திருக்காது. பாவமன்னிப்பு இல்லையென்றால் நன்மை வாங்க முடியாது. நன்மை என்பது பூசையில் சுவாமி நாக்கில் வைக்கிற அப்பம். அதைக் காலையில் வாங்காதவன் பெருநாளன்று பின்னேரம் முல்லைத்தீவு அணியோடு நடக்கிற பந்தடியில் இறங்க முடியாது. ஆட்கள் சாராயத்தைப் போட்டுவிட்டு இறங்கிக் கால்களை உடைக்கிறார்கள் என்று பழைய சுவாமி போட்ட சட்டம் அது. அதனால் சாராயம் நிற்கவில்லை, பந்தடிக்குப் பிறகு என்று தள்ளிப்போனது. கால் உடைவதும் நிற்கவில்லை. அதில் எனக்குப் பங்கில்லை என்று சொல்ல மாட்டேன். பெருநாள் வருகிற ஞாயிற்றுக்கிழமை. ஆகவே இதைச் சுருக்கமாக முடித்துவிடுவோம்.

பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் எங்கள் அணிக் கப்டன் கொன்ஸ்ரன்ரைன் நின்று, இறங்குகிறவர்களின் பெயர் கூப்பிடுவார். பெயர் விழுந்தவன் மாதா சுரூபத்துக்கு முன்னால் போய் நிற்பான். விழாதவர்கள் கோல் கம்பம் நடப் போவோம். நான் பல வருடம் கம்பம் நட்டேன். நல்ல கம்பங்கள், ஒன்றும் சரிந்ததில்லை. மரியநேசன் பந்தை விட்டுவிட்டு ஆளை அடிக்கிறான் என்று என்னைப் பற்றி ஒரு கதை இருந்தது. அது அவதூறு. பந்தையும் அடிப்பேன். ஆள் முதலில் வந்துவிடுவார், அவ்வளவுதான்.

எனக்குப் புல்பக் நிற்கத்தான் ஆசை. கோல் காக்கிற கோலிக்கு முன்னால் நின்று வருகிறவனை மறிக்கிற வேலை. கோல் அடிக்கிறவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள், மறிக்கிறவனை ஒருவரும் தூக்குவதில்லை. தூக்கவும் வேண்டாம். சனம் கேட்க என் பெயரை ஒருதரம் கூப்பிட்டால் போதும் என்றிருந்தது. அந்த ஆசை என்னை நித்திரை கொள்ள விடவில்லை, ஐயா. வேறு ஆட்களுக்குக் காணி ஆசை, பெண் ஆசை. எனக்கு இவ்வளவுதான். என்னைச் சின்ன ஆசைக்காரன் என்றே எழுதலாம்.

அந்த இடத்தில் நின்றவர் வஸ்தியாம்பிள்ளை. நாங்கள் வஸ்தியாண்ணை என்போம். அகலமான மனிதர். மறித்து விழுத்திவிட்டு, விழுந்தவனுக்குக் கை கொடுத்துத் தூக்கிவிடுவார். அந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்காது. தூக்கிவிடுவதற்கு ஏன் விழுத்த வேண்டும்? ஆனால் ஊருக்கு அவர் மேல் உயிர். கொன்ஸ்ரன்ரைன் முதலில் கூப்பிடுவது அவர் பெயரைத்தான்.

அந்தக் காலத்தில் நன்மை வாங்குகிறவன் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீரும் பல்லில் படாமல் இருக்க வேண்டும். வஸ்தியாண்ணை பெருநாள் என்றும் பாராமல் கடலுக்குப் போய் விடியக் கரைக்கு வருகிறவர். கரையிலிருந்து ஏறிவருகிற வழியில் முதல் வீடு என்னுடையது. ஒரு பெருநாள் காலை, வலை சுமந்து வந்தவருக்குக் கிணற்றடியில் வைத்து ஒரு செம்பு தண்ணீர் நீட்டினேன். தாகத்தில் யோசியாமல் குடித்துவிட்டார்.

"அண்ணை, இண்டைக்குப் பெருநாள் எல்லோ?" என்றேன்.

தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். இன்னொருவன் என்றால் வாயைத் துடைத்துக்கொண்டு போய் நன்மை வாங்கியிருப்பான். வஸ்தியாண்ணைக்கு அந்தக் கெட்டித்தனம் இல்லை. உள்ளதைச் சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். கொன்ஸ்ரன்ரைன் ஆளில்லாமல் முழித்தபோது நான் அவருடைய கண்ணுக்கு நேரே நின்றேன். பெயரைக் கூப்பிடாமல், "சரி, நீயும் வா" என்றார். அன்றைக்கு முல்லைத்தீவு ஆட்கள் ஒரு கோலும் போடவில்லை. அவர்களுக்குக் கோல் அடிக்கிற சென்டர்காரன் வண்டிலில் படுத்துக்கொண்டு ஊர் போனான். அடுத்த ஞாயிறு ஊருக்குள் நடந்த பந்தடியில் வஸ்தியாண்ணை தன் இடத்துக்குத் திரும்பி வந்தார். நான் கம்பத்துக்குத் திரும்பினேன்.

மறு வருடமும் இதையே செய்திருப்பேன். அதற்குள் ரோமாபுரியிலிருந்து உத்தரவு வந்துவிட்டது. இனித் தண்ணீர் குடித்தால் உபவாசம் முறியாதாம். பூசையில் சுவாமி வாசித்தபோது சனத்துக்கெல்லாம் சந்தோசம். வேதத்தில் பற்றுள்ளவனாக வருந்தியது நான் ஒருவன்தான். இப்போது பாருங்கள், ஒரு மணித்தியாலம் சாப்பிடாமல் இருந்தாலே போதுமாம். பழைய சட்டத்தை அவர்கள் அப்படியே விட்டிருந்தால், வருடத்துக்கு ஒரு செம்பு நல்ல தண்ணீரோடு என் காரியம் முடிந்திருக்கும். இதில் ரோமாபுரிக்கும் பங்கு உண்டு. அதை எழுத மாட்டீர்கள் என்று தெரியும்.

தண்ணீர் மட்டும் போதாது என்று ஆனபடியால் தண்ணீருக்குள் ஏதாவது போட வேண்டியிருந்தது. மாட்டுக்கு வயிறு கட்டினால் கொடுக்கிற நேர்வாளங்கொட்டை வீட்டில் இருந்தது. அரைத்துக் கலந்தேன். கோடையில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் கசக்கும், ஒருவரும் குறை சொல்வதில்லை. வயிறு போய் ஒரு நாள் வேலிக்கரையோடு கிடப்பார், பின்னேரம் நான் நிற்பேன் என்பதுதான் கணக்கு. மாட்டுக்குப் போடுவதை விடக் கொஞ்சம் கூடப் போட்டேன். அவர் அகலமான மனிதர் என்று சொன்னேன்தானே.

அந்தப் பெருநாளன்று பூசை முடிந்து கொன்ஸ்ரன்ரைன் முதல் பெயராக மரியநேசன் என்று கூப்பிட்டார். மாதாவுக்கு முன்னால் போய் நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் கல்யாணம் கட்டிய அன்றும் அப்படிச் சந்தோசப்படவில்லை.

பின்னேரம் பாதி ஆட்டத்தில் வஸ்தியாண்ணையின் மனுசி யூலிற்றா அக்கா மைதானத்துக்கு ஓடிவந்தா. தலை விரிந்து கிடந்தது.

"கொன்ஸ்ரன்ரைன், வண்டிலை ஒருக்காக் கட்டு அப்பன். அவருக்குச் சத்தியும் வயித்தாலை போறதும் நிக்குதில்லை. ஆளைப் பார்க்கேலாமல் கிடக்கு."

ஊரில் வண்டில் கொன்ஸ்ரன்ரைனிடம்தான். அந்த மாடுகள் அவரைத் தவிர வேறு எவன் சொல்லும் கேளாதவை. அவர் போனால் ஆட்டம் நிற்கும். அவர் போகத்தான் திரும்பினார். நான் கையைப் பிடித்தேன்.

"அக்கா, இது அண்ணை இவ்வளவு காலம் கட்டிக்காத்த பந்தடி. பாதியிலை விட்டிட்டு வந்தமெண்டால் அவர்தான் மனம் நோவார். கொஞ்ச நேரந்தானே, முடிச்சுப்போட்டு ஓடிவாறம்."

எல்லோரும் தலையாட்டினார்கள். சிலருக்குக் கண் கலங்கியது. நான் பேசத் தெரியாதவன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அக்கா தனியே திரும்பிப் போனா. நாங்கள் ஒரு கோல் போட்டு வென்றோம். பிறகுதான் வண்டில் புறப்பட்டது. முல்லைத்தீவு ஆசுபத்திரிக்குப் போகிற வழியில், அளம்பிலைத் தாண்டுவதற்குள் அவர் முடிந்துவிட்டார். வாந்திபேதி என்று ஊர் பயந்தது. அவசரமாக அடக்கம் செய்தார்கள். பெட்டியைத் தொட மற்றவர்கள் பின்னுக்கு நின்றபோது தலைமாட்டைப் பிடித்தவன் நான். எனக்குத்தான் தொற்றாது என்று தெரியும். யூலிற்றா அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி எனக்குக் கருவாடு கொடுத்தனுப்புகிறா. நான் வாங்கிச் சாப்பிடுகிறேன். திருப்பி அனுப்பினால் அவவுக்கு மனவருத்தம்.

பிறகு என் பெயர் ஒரு வருடமும் தவறவில்லை. என்னைத் தாண்டிப் போனவர்கள் குறைவு, தாண்டிப் போய் ஒழுங்காக நடந்தவர்கள் அதிலும் குறைவு. அவ்வளவுதான் என் வாக்குமூலம். கையெழுத்து எங்கே வைப்பது?

நல்ல கேள்வி கேட்டீர்கள் ஐயா. சுவாமி கூட இதைக் கேட்கவில்லை. வஸ்தியாண்ணை வருத்தமாகக் கிடப்பது பூசை நேரத்தில் கொன்ஸ்ரன்ரைனுக்குத் தெரியாது, உண்மைதான். தெரியாமல் எப்படி என்னை முதலில் கூப்பிட்டார்?

அன்று விடிய வஸ்தியாண்ணை கடலுக்குப் போகவில்லை. என்னைத் தேடித்தான் வீட்டுக்கு வந்தார். கிணற்றுக்கட்டில் இருந்து தண்ணீர் கேட்டார். கலந்து வைத்திருந்த செம்பைக் கொடுத்தேன். கொஞ்சம் குடித்துவிட்டுச் செம்பைத் தொடையில் வைத்துக்கொண்டு பேசினார்.

"நேசன், இந்த முறை நான் இறங்கேல்லையடா. ஓடினால் நெஞ்சு இளைக்குது. கொன்ஸ்ரன்ரைனிட்டை ராத்திரியே சொல்லிப்போட்டன், இனி என்ரை இடத்திலை நேசன்தான் எண்டு. முதல் பேரா உன்ரை பேரைத்தான் கூப்பிட வேணும் எண்டும் சொன்னனான்."

நான் கிணற்றுக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றேன்.

"போன வருசம் நீ தண்ணி தந்தது ஏனெண்டு எனக்கு விளங்காமல் இல்லை. அவ்வளவு ஆசை இருக்கிறவனை எத்தினை வருசம் கம்பம் நட விடுறது? நானும் பிழை விட்டிட்டன்" என்று சொல்லி என் முதுகில் தட்டினார்.

அதுவரை அவர் குடித்தது ஒன்றிரண்டு மிடறுதான். முக்கால் செம்பு அப்படியே இருந்தது. செம்பை நான் தட்டிவிட்டிருந்தால் ஒரு நாள் வயிறு போய் எழும்பியிருப்பார். ஆனால் ஏன் தட்டினாய் என்று கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் பெயர் போய்விடும். அவர் செம்பை மறுபடியும் வாய்க்குக் கொண்டுபோனார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன், கடைசிச் சொட்டு வரைக்கும். தாகத்தோடு வந்த மனிதரின் கையிலிருந்து தண்ணீரைப் பறிக்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் இல்லை, ஐயா.