டாக்டர் கல்பகம் காத்துத் தந்த இரண்டு இடங்கள்

மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, டாக்டரின் கணவர் ஸ்ரீனிவாசன் மாமா அவர்களே, மெட்டுகுடா ரயில்வே காலனியிலிருந்து இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் அனைவருக்கும் வணக்கம். நான் மஹதி, ஒன்பதாம் வகுப்பு. பல் சீரமைப்பு மருத்துவர் டாக்டர் கல்பகம் அவர்களின் நோயாளி. 'நோயாளியாக இருந்தேன்' என்று எழுதி, அடித்துவிட்டேன்.

எனக்கு மேல்வரிசையில் இரண்டு பற்கள் பிறவியிலேயே இல்லை. பால்பற்கள் விழுந்தன, அடியில் முளைக்க ஒன்றுமில்லை. முன்பற்களின் இருபுறமும் சந்து. வகுப்பில் என்னை 'லெவல் கிராசிங்' என்பார்கள்.

"சீக்கிரம் மூடிடுங்க டாக்டர், இவ சிரிக்கவே மாட்டேங்கறா" என்றாள் அம்மா. டாக்டர் என்ன செய்தார்? நாற்காலியை என் பக்கம் திருப்பினார்!

"வாய் அவளோடது, ரமா. கேளு மஹதி. கம்பி போட்டுக் கோரைப்பல்லை இழுத்து, தேய்ச்சு அழகு பண்ணி, இடைவெளியை மூடலாம். இல்லேன்னா இடத்தை விரிச்சு வெச்சு, வளர்ச்சி நின்னப்புறம், பதினெட்டுக்கு மேல, பல் பதிக்கலாம். அதுவரைக்கும் இடம் குறுகாம இருக்கப் பொய்ப்பல் வெச்ச பிளேட்டை தினமும் போடணும். உனக்கு ரெண்டும் சரிப்படும்."

"காத்திருக்கிறேன்" என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்!

ஹைடெக் சிட்டியின் பெரிய கிளினிக்குகள் அழைத்தும் போகாமல், நம் காலனி எதிரே இரண்டே அறைகளில் இருந்தவர் அவர். சென்ற டிசம்பரில் அந்த அறைகளும் மூடிக் கிடந்தன. டாக்டருக்கு உடம்பு முடியவில்லை. அப்போதுதான் பள்ளியில் சாப்பிடும்போது பிளேட்டைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றி வைத்தேன். அது குப்பையோடு போயிற்று.

அம்மா, உன்னிடம் என்ன சொன்னேன்? "கொஞ்ச நாள் போட வேண்டாம்னு டாக்டர்தான் சொன்னார்." அது பொய், அம்மா.

மூன்று வாரம் கழித்து நீ அவருக்கு ஃபோன் செய்து கேட்டாய். நான் கதவருகே நின்றேன். அவர் சொன்னது எனக்கும் கேட்டது: "ஹவ், ஆமா, நான்தான் சொன்னேன். நாளைக்குக் கூட்டிண்டு வா, புதுசு பண்ணிடலாம்."

மறுநாள் தலையில் துணி கட்டிக்கொண்டு, மாமாவின் தோளைப் பிடித்தபடி வந்து கிளினிக்கைத் திறந்தார். உன்னை வெளியே உட்காரச் சொன்னார். என் பற்களை அளந்தார். "ஒரு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கு. மறுபடி தள்ளிடலாம். கைக்குடி, ஏண்டி அழறே? நக்கோ, அழாதே. அம்மாகிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லிடு." அச்செடுக்கும் பசைத் தட்டை அவரால் தூக்க முடியவில்லை, மாமா பிடித்துக்கொண்டார்.

புது பிளேட்டை மாட்டிவிட்ட பதினோராம் நாள் அவர் போய்விட்டார். அவர் இருக்கும்போதே நான் ஏன் உன்னிடம் சொல்லவில்லை, அம்மா? ஏன் சொல்லவில்லை?

டாக்டர், இன்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டேன். இன்னும் நான்கு வருடம் இருக்கிறது. அந்தப் பற்களை வேறு யாரோ பதிப்பார்கள். அவர்கள் அளந்து பார்க்கும்போது, நீங்கள் விட்டுச் சென்ற இடத்தில் ஒரு நூல்கூடக் குறைந்திருக்காது.